பிழைப் புகாருக்கு என்ன பதில் வந்தது? அதை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

காலை எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "தம்பி, பில்லு வரமாட்டேங்குது. கடை நிறைய ஆளு நிக்குது. என்னான்னு சீக்கிரம் பாரு." கழனிவாசல் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கும் ஆச்சி. பிரின்டரில் தாள் தீர்ந்திருந்தாலும் ஆச்சி இதைத்தான் சொல்வார்கள். ஒயர் கழன்றிருந்தாலும் இதுதான். பில் சேமிக்காமலே நின்றுபோயிருந்தாலும் இதுதான். நான் காரைக்குடியிலேயே இருக்கிறேன். வண்டியை எடுத்தால் பத்து நிமிடம், போய்ப் பார்த்துவிடுவேன். அந்த மென்பொருளை எழுதியவர் எங்கோ ஒரு ஊரில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான்.

சில வருடம் சென்னையில் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே வந்து குவியும் புகார்களைப் பிரிப்பதுதான் வேலை. இப்போது காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். புகாரை வாங்கவும் செய்திருக்கிறேன், எழுதவும் செய்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் பிடிபட்டது இது: டெவலப்பரிடமிருந்து என்ன பதில் வருகிறது, அல்லது வராமல் போகிறது என்பதை வைத்தே, நாம் அனுப்பிய புகாரில் எது குறைந்தது என்று சொல்லிவிடலாம். ஆகவே கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் வந்த பதில்கள். உங்களுக்கு வந்தது எதுவோ அதைத் தேடிப் படித்தால் போதும்.

## பதிலே வரவில்லை

முதலில் எங்கே அனுப்பினீர்கள் என்று பாருங்கள். நம் பக்கத்தில் பாதிப் புகார்கள் மென்பொருளை விற்றுவிட்டுப் போன பையனின் வாட்ஸ்அப்புக்குத்தான் போகின்றன. அவர் நல்ல பையன்தான், ஆனால் போன வருடமே வேறு வேலைக்குப் போயிருப்பார். மென்பொருளின் 'உதவி' பகுதிக்குள் போனால் ஆதரவு மின்னஞ்சலோ, டிக்கெட் (எண் போட்ட புகார்ப் பதிவு) போடும் இடமோ இருக்கும். டிக்கெட் எண் கைக்கு வந்தால்தான் புகார் பதிவானதாகக் கணக்கு. லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் மாதிரித் திறமூல மென்பொருள் என்றால் பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து எழுதலாம். அங்கே ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கும். சுமாரான ஆங்கிலம் போதும், செய்முறையும் மாதிரிக் கோப்பும் இருந்தால் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

இடம் சரி என்றால் தலைப்பைப் பாருங்கள். 'அவசரம்!! பில் பிரச்சினை' என்று எழுதியிருந்தால் அதைத் திறக்காமல் விட்டவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வராது. அவருடைய பட்டியலில் அன்றைக்கு வந்த எல்லாமே 'அவசரம்'தான். 'ரிட்டர்ன் பில்லில் தள்ளுபடி போட்டால் மொத்தத் தொகை கழித்தல் குறியோடு வருகிறது' என்று எழுதிப் பாருங்கள். எந்தத் திரை, என்ன செய்தால், என்ன ஆகிறது. தலைப்பைப் படிக்கும்போதே எந்த நிரலைத் திறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவசரத்தை உள்ளே எழுதலாம், ஆனால் கணக்காக: 'ஒரு நாளைக்கு 40 பில், இரண்டு நாளாக எல்லாவற்றையும் கையால் எழுதுகிறோம், வேறு வழி தெரியவில்லை.'

இன்னொரு காரணம், ஒரே கடிதத்தில் ஏழு பிழை. கல்யாண வீட்டில் சாமான் பரப்புகிற மாதிரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடுகிறோம். அச்சுக் கோளாறைப் பார்ப்பவர் ஒருவர், வரிக் கணக்கைப் பார்ப்பவர் இன்னொருவர். ஒருவர் தன் வேலையை முடித்து டிக்கெட்டை மூடினால் மற்ற ஆறும் அதோடு மூடிக்கொள்ளும். ஒரு பிழைக்கு ஒரு கடிதம்.

ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டலாம். 'என்னாச்சு?' என்று கேட்காமல், புதிதாக ஒரு தகவலைச் சேர்த்துக் கேளுங்கள்.

## 'எங்களிடம் சரியாகத்தான் வருகிறதே'

எல்லோரையும் கடுப்பேற்றும் பதில் இது. டெவலப்பர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவரிடம் சரியாகத்தான் வந்திருக்கும். உங்கள் கணினியில் உள்ள, அவர் கணினியில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது, அது உங்கள் கடிதத்தில் வரவில்லை.

ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஆர்டர்களை ஒரு எக்செல் தாளில் எழுதிவைத்து, வாரக் கடைசியில் மென்பொருளுக்குள் ஏற்றுவார்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, காயவைத்துத்தான் லாரியில் ஏற்றவேண்டும். அதனால் தேதி முக்கியம். மாதம் மாறினால் வீடு கட்டுகிறவர் கொத்தனாரை வைத்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அண்ணன் எழுதிய புகார் இது: 'மாதக் கடைசியில் மட்டும் சாப்ட்வேர் தகராறு பண்ணுகிறது.' வந்த பதில், 'எங்களிடம் சரியாக வருகிறது, கணினியை மறுபடி தொடங்கிப் பார்க்கவும்.' மறுபடி மறுபடி தொடங்கினார்கள். தகராறும் தொடர்ந்தது.

நான் போய் உட்கார்ந்து முதலில் செய்தது, ஏறிய ஆர்டரையும் ஏறாத ஆர்டரையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதியதுதான். எழுதி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பிழைச்செய்தி வந்த வரிகள் எல்லாமே 13-ம் தேதியும் அதற்கு மேலும். 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் ஏறியிருந்தன. 'சத்தமில்லாமல்' என்பதுதான் ஆபத்து. திறந்து பார்த்தால் ஜூலை 5 என்று எழுதியது மே 7 ஆக உட்கார்ந்திருக்கிறது. ஜூலை 7 மட்டும் ஒழுங்காக ஜூலை 7 ஆகவே இருந்தது, ஏனென்றால் அதைத் திருப்பிப் போட்டாலும் அதேதான்.

தேதியையும் மாதத்தையும் மாற்றிப் படிக்கிறது, அவ்வளவுதான். 13-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13-ம் தேதியில் திணறுகிறது. பட்டறைக்குப் புதுக் கணினி வந்தபோது விண்டோஸ் போட்டவர் பிராந்திய அமைப்பை (எந்த நாட்டு வழக்கப்படி தேதி எழுதுவது என்பதை) அமெரிக்க ஆங்கிலம் என்றே விட்டிருந்தார். அங்கே மாதம்தான் முதலில். (போட்டவர் நான்தான். இதை இங்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் அண்ணன் சொல்லிவிடுவார்.) டெவலப்பரின் கணினியில் இந்திய அமைப்பு. அவர் நூறு தடவை ஏற்றினாலும் சரியாகத்தான் ஏறும்.

பிறகு அனுப்பிய கடிதம் இது:

'தலைப்பு: ஆர்டர் கோப்பை ஏற்றும்போது தேதியும் மாதமும் இடம் மாறுகின்றன.

மென்பொருள் பதிப்பு: உதவித் திரையில் 4.2.1 என்று காட்டுகிறது. விண்டோஸ் 11. பிராந்திய அமைப்பு: ஆங்கிலம், அமெரிக்கா.

செய்தது: (1) இத்துடன் உள்ள மூன்று வரிக் கோப்பை எடுத்தோம். அதில் தேதிகள் 05/07/2024, 07/07/2024, 13/07/2024. (2) ஆர்டர் திரையில் இறக்குமதி என்பதை அழுத்தி அந்தக் கோப்பைக் கொடுத்தோம்.

எதிர்பார்த்தது: ஜூலை 5, 7, 13.

நடந்தது: முதல் வரி மே 7 ஆக ஏறியது. இரண்டாவது சரி. மூன்றாவது "தேதி செல்லாது" என்று நின்றது.

ஒவ்வொரு முறையும் இப்படியே ஆகிறது. பட்டறையில் உள்ள பழைய கணினியில் ஆகவில்லை. அதில் பிராந்திய அமைப்பு இந்தியா.

எங்கள் ஊகம்: பிராந்திய அமைப்பைப் பொறுத்துத் தேதி வடிவம் மாறுகிறது. தவறாகவும் இருக்கலாம்.'

இதில் நான் நேரம் செலவழித்தது கோப்பைச் சுருக்குவதில்தான். அண்ணனின் உண்மையான கோப்பில் நூற்றுக்கணக்கான வரிகள், வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு பகுதியாக அழித்து, பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்து, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. பிழை வருவதற்கு வேண்டிய மிகச் சிறிய கோப்பு அதுதான். டெவலப்பருக்கு ஒரு நிமிடத்தில் அவர் திரையிலேயே பிழை வந்தது.

ஊகத்தைத் தனியாகக் கடைசியில் போட்டதையும் கவனியுங்கள். 'உங்கள் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது' என்று ஊகத்தை மட்டும் எழுதி, பார்த்ததை எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் கணினி தெரிந்தவர்களிடம்தான் இந்த வியாதி அதிகம், நானும் விதிவிலக்கில்லை. வயிற்றுவலி என்று சொல்லாமல் மாத்திரைப் பெயரைச் சொல்லி மருந்துக்கடையில் நிற்பது மாதிரி.

சரி, அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறு கணினி. வேறு பயனர் கணக்கு. வேறு கோப்பு. இணையத்தில் ஓடும் செயலி என்றால் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ). அதில் பழைய குக்கிகளும் பெரும்பாலான நீட்சிகளும் இருக்காது. எதை மாற்றியபோது பிழை போனதோ அதைக் கடிதத்தில் எழுதுங்கள். மாற்றியும் போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். விண்டோஸ் பதிப்பு தெரியவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'லேட்டஸ்ட் வெர்ஷன்தான்' என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுதிய நாளின் லேட்டஸ்ட் வேறு, அவர் படிக்கும் நாளின் லேட்டஸ்ட் வேறு.

## 'எப்போதாவது வரும்' என்று நீங்கள் எழுத, 'மறுபடி வந்தால் சொல்லுங்கள்' என்று அவர்கள் எழுத

இது கொஞ்சம் பொறுமை கேட்கும். கணினிப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். பிழை வந்த நேரம், யார் உட்கார்ந்திருந்தார், அதற்குமுன் கடைசியாக எதை அழுத்தினார், அந்த நேரத்தில் கடையில் வேறென்ன நடந்தது. கரண்ட் போய் வந்ததா என்பதையும் சேர்த்து.

அதே பலகாரக் கடையில் சில நாள் இரண்டு பில்லுக்கு ஒரே எண் விழுந்தது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. நோட்டு போட்டுப் பார்த்ததில் எல்லாமே மாலை ஆறிலிருந்து எட்டுக்குள், தீபாவளி நெருங்க நெருங்க அதிகம். அதாவது இரண்டு கவுன்டரும் ஓடுகிற நேரம். ஒரு மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது ஆச்சியின் மகன் ஒரு கவுன்டரில், நான் ஒரு கவுன்டரில். ஆச்சி நடுவில் சீப்புச் சீடை டின்னைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் சேமி பொத்தானை அழுத்தினோம். 20 தடவை செய்ததில் 3 தடவை ஒரே எண் விழுந்தது.

'எப்போதாவது' என்பது '20-க்கு 3, இரண்டு கவுன்டரிலும் ஒரே நொடியில் சேமித்தால்' என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் 'கடைசி எண் என்ன?' என்று ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே விடையை வாங்கி, ஆளுக்கு ஒன்று கூட்டிக்கொள்கிறார்கள். எழுதியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

## தமிழ் மட்டும் உடைகிறது, 'ஃபான்ட் பிரச்சினை' என்று கைகழுவுகிறார்கள்

இதில் எனக்கு உள்ள மனத்தாங்கலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன். தமிழில் ஏதாவது கோளாறு என்றாலே 'ஃபான்ட்' என்று சொல்லிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் எழுத்துருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

செட்டிநாட்டில் விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயரெழுத்துகள்) நீளம். ஒரு பேச்சுக்கு 'ராம.அரு.வள்ளியப்பன்' என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊர். ஒரே தெருவில் மூன்று வள்ளியப்பன் இருந்தாலும் ஆச்சரியமில்லை, விலாசம் இல்லாவிட்டால் ஆளைப் பிரிக்கமுடியாது. ஒரு கணக்கு மென்பொருளில் இந்தப் பெயரைத் தட்டிச் சேமித்துவிட்டுத் திறந்தால் 'ராம.அரு.வள்' என்று நிற்கும், பக்கத்தில் ஒரு கட்டம். அதே பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் முழுசாக இருக்கும். உடனே 'ஃபான்ட்'.

உண்மையில் நடப்பது வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை யுனிகோடு. அந்த முறைத் தமிழை யூடிஎஃப்-8 என்ற வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) ஆகும். 'ள்' என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து. கணினிக்கு ள ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான். பெயருக்கு 30 பைட் ஒதுக்கிவிட்டு, 30 எழுத்து ஒதுக்கியதாக டெவலப்பர் நினைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் 16 பைட்டில் அடங்கிவிடும். தமிழில் 53 வேண்டும். 'ராம.' 10, 'அரு.' 10, 'வள்' 9, ஆக 29. மிச்சம் இருந்த 1 பைட்டில் அடுத்த 'ள'வின் மூன்றில் ஒரு பங்கு மாட்டிக்கொண்டது. அந்தக் கட்டம் அதுதான்.

இந்தக் கணக்கெல்லாம் நீங்கள் போடவேண்டாம். பெயர்ப் பெட்டியில் 'அ' என்ற எழுத்தை வரிசையாகத் தட்டிச் சேமியுங்கள், எத்தனை தங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்தை அதே மாதிரி. '"அ" 10 தங்குகிறது, ஆங்கில எழுத்து 30 தங்குகிறது' என்று எழுதி அனுப்பினால் போதும். 10-க்கு 30 என்பதைப் பார்த்த பிறகு யாரும் எழுத்துருவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இன்னொன்று தேடல். 'கொப்புடையம்மன்' என்று ஒரு கடைப்பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வரவில்லை. 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு 'ொ' என்ற ஒரே குறியை வைக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், யுனிகோடு விதிப்படியும் சமம்தான். மென்பொருள் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் வேறு வேறு என்று சொல்லிவிடும். சோதிக்க ஒரு எளிய வழி: பெரும்பாலான செயலிகளில் 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து அழிக்கும் விசையை ஒரு தடவை அழுத்துங்கள். 'க' மிஞ்சினால் ஒற்றைக் குறி, 'கெ' மிஞ்சினால் இரட்டைக் குறி. பட்டியலில் உள்ளதிலும் நீங்கள் தட்டியதிலும் வேறு வேறாக மிஞ்சினால் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

தமிழ்ப் பிழைகளுக்குப் படம் மட்டும் அனுப்பக்கூடாது. படத்தில் இரண்டு 'கொ'வும் ஒன்றாகத்தான் தெரியும். எழுத்தை நகலெடுத்து ஒட்டுங்கள், முடிந்தால் கோப்பையே இணையுங்கள். எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள், தமிழ்99-ஆ ஒலிபெயர்ப்பா, கைப்பேசியா கணினியா என்பதும் வேண்டும். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அது யுனிகோடே அல்ல, அப்போது மட்டும் 'ஃபான்ட்' என்று சொல்கிறவர் சொல்வது சரி.

## 'படம் தெளிவாக இல்லை'

மானிட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்தால் டியூப்லைட்டும் நம் முகமும்தான் தெரியும். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை வெட்டி எடுக்கலாம். பிழைச்செய்தியை மட்டும் வெட்டாமல் பின்னால் உள்ள திரையும் தெரிய எடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டி திரையில் இருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் அந்தச் செய்தி எழுத்தாகவே நகலாகிவிடும். அதைக் கடிதத்தில் ஒட்டினால் டெவலப்பர் அந்த வாக்கியத்தை நிரலில் தேடிப் பிடிக்கலாம்.

கைப்பேசிச் செயலி என்றால் திரையை வீடியோவாகப் பதியுங்கள், அரை நிமிடம் போதும். செயலி சட்டென்று மூடிக்கொள்கிறது என்று டெவலப்பர் பதிவுக் கோப்பு (லாக்) கேட்டால், ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'போன் பற்றி' பகுதியில் பில்ட் எண்ணை 7 தடவை தட்டுங்கள். டெவலப்பர் விருப்பங்கள் என்று ஒரு புதுப் பட்டியல் திறக்கும், அதில் பிழை அறிக்கை எடுக்கும் வழி இருக்கிறது. அதில் உங்கள் கைப்பேசியைப் பற்றி நிறைய விவரம் இருக்கும் என்பதால் கேட்டவருக்கு மட்டும், தனியாக அனுப்புங்கள். அதேபோல் படத்தில் வாடிக்கையாளர் போன் நம்பர், வங்கிக் கணக்கு, ஓடிபி இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

## 'இது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது'

கோபப்படவேண்டாம். பழைய பதிவைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத ஏதாவது உங்களிடம் இருந்தால் அங்கே சேருங்கள். 'எனக்கும்தான்' என்று மட்டும் எழுதுவதால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும், வேறு பலன் இல்லை.

## 'அது பிழையல்ல, அப்படித்தான் செய்திருக்கிறோம்'

சில சமயம் அவர்கள் சொல்வது சரி. 100.50 ரூபாய்க்கு 18 சதவீத வரி 18.09. மத்திய வரியும் மாநில வரியும் 9 சதவீதமாகத் தனித்தனியே போட்டால் ஒவ்வொன்றும் 9.045, அதைப் பைசாவுக்குத் திருத்தினால் 9.05, இரண்டும் சேர்ந்து 18.10. ஒரு பைசா கூடுகிறது என்று ஐந்தொகை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் என்னை மூன்று நாள் அலையவைத்தார். அவர் கணக்கும் சரி, மென்பொருள் கணக்கும் சரி, எங்கே திருத்துவது என்பதில்தான் வேறுபாடு.

நீங்கள் சொல்வதுதான் சரி என்று தோன்றினால் 'தப்பு, தப்பு' என்று திரும்ப எழுதுவதில் பயனில்லை. என்ன வேலைக்காக அது வேண்டும் என்று சொல்லுங்கள். '100,000 என்று காற்புள்ளி வருகிறது' என்பதைவிட, 'வங்கியில் கொடுக்கும் அறிக்கையில் 1,00,000 என்று இருக்கவேண்டும், ஒவ்வொன்றையும் கையால் திருத்துகிறோம்' என்பதற்கு ஒரு பதில் கிடைக்கும். புது வசதி என்று எழுதிக்கொண்டாலும் பரவாயில்லை, எந்தப் பெயரில் செய்தால் என்ன.

## அடுத்தவர் தகவல் உங்கள் திரையில் தெரிகிறது

பில்லுக்கான இணைப்பில் கடைசி எண்ணை மாற்றித் தட்டிவிட்டீர்கள், வேறு யாரோ ஒருவரின் பில் திறக்கிறது. இதைப் பொதுவில் எழுதாதீர்கள். குழுவில் படம் போடாதீர்கள். இன்னும் பத்து எண் மாற்றிப் பார்க்கவும் வேண்டாம், ஒன்றே போதும். நிறுவனத்தின் பாதுகாப்பு மின்னஞ்சலுக்குத் தனியாக எழுதுங்கள். அங்கே யாரும் அசையாவிட்டால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்கிறது.

## 'சரிசெய்துவிட்டோம்', ஆனால் இங்கே இன்னும் இருக்கிறது

முதலில் பதிப்பு எண். சரிசெய்தது 4.2.3-இல் என்றால் உங்கள் கணினியில் அது வந்திருக்கிறதா? ஒரு கவுன்டரில் புதுப்பித்து, இன்னொன்றை மறந்துவிடுவது சகஜம். இணையச் செயலி என்றால் கன்ட்ரோல்-எஃப்5 அழுத்திப் பழைய பக்கத்தைத் தூக்கியெறியுங்கள்.

புதுப்பித்த பிறகு வேறொன்று கெட்டுப்போவதும் உண்டு. 'போன மாதம் நன்றாக இருந்தது' என்பது அரைகுறைத் தகவல். எந்தப் பதிப்பு வரை நன்றாக இருந்தது என்பதே வேண்டியது. நான் பழைய நிறுவல் கோப்புகளை ஒரு பென்டிரைவில் சேர்த்துவைத்திருக்கிறேன், இதற்காகவே. நடுவில் 16 பதிப்பு இருந்தால் பதினாறையும் போட்டுப் பார்க்கவேண்டாம். நடுவில் உள்ளதைப் போடுங்கள். அதில் பிழை இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி, மறுபடி நடு. 4 தடவையில் ஆள் பிடிபடுவார். டெவலப்பர்கள் இதையே நிரலின் ஒவ்வொரு மாற்றத்திலும் செய்வார்கள். 1,000 மாற்றம் இருந்தாலும் சுமார் 10 தடவைதான். ஃபயர்பாக்ஸுக்கு நடுப் பதிப்பைத் தானே எடுத்துத் திறந்து காட்டும் மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவி இருக்கிறது, பிழை வருகிறதா இல்லையா என்று மட்டும் நாம் சொன்னால் போதும். சோதனை செய்து பார்க்க, கடையின் உண்மைக் கணக்கில் கைவைக்காதீர்கள். வேறு கணினியில், நகலில்.

சரியானதா என்று பார்ப்பதற்கும் புகாரில் எழுதிய அதே செய்முறைதான், அதே கோப்புதான். ஆத்தங்குடி அண்ணனுக்குத் திருத்திய பதிப்பு ஒரு 3-ம் தேதி வந்தது. 4-ம் தேதி அவர் போன் செய்து, "சரியாயிருச்சு தம்பி, ஒரு தகராறும் இல்ல, அவருக்கு எழுதிரு" என்றார். 4-ம் தேதி எப்போதுமே தகராறு வராதே அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்த மூன்று வரிக் கோப்பைத் தேடி எடுத்து ஏற்றினார். ஜூலை 5, ஜூலை 7, ஜூலை 13. பிராந்திய அமைப்பை நான் வேண்டுமென்றே அமெரிக்கா என்றே விட்டுவைத்திருந்தேன், இல்லாவிட்டால் சோதித்ததாகவே ஆகாது. மூன்றையும் படம் எடுத்து, '4.2.3-இல் சரியாக ஏறுகிறது, நன்றி' என்று எழுதி டிக்கெட்டை மூடினோம். மே மாதத்தில் போய் உட்கார்ந்திருந்த பழைய ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த அன்று மாலை வரை ஆனது.